உர வாளியில் அள்ளிய மண்

குளுவாங் ஊருக்கு வெளியே எங்களுக்கு இரண்டரை ஏக்கர் எண்ணெய்ச் செம்பனைத் தோட்டம் இருக்கிறது. பட்டணத்துப் பக்கம் தெப்ராவில் நான் தொழிற்சாலைக்கும் கணவர் லாரிக்கும் போய்க்கொண்டிருந்த காலத்தில், விடுமுறை நாளெல்லாம் வந்து நாங்களே குழி வெட்டி நட்டவை. போன வருடம் அந்த மரங்களின் அடிமட்டைகளில் ஆரஞ்சுப் புள்ளிகள் விழுந்து, ஓலை காயத் தொடங்கியது. குலையும் சிறுத்தது. பக்கத்துத் தோட்டக்காரர் வந்து பார்த்துவிட்டு, இது தண்டு அழுகலாகத்தான் இருக்கும், பரவுவதற்குள் எல்லாவற்றையும் சாய்த்துவிடுங்கள் என்றார். கணவருக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கும்தான்.

எதற்கும் மண்ணைச் சோதித்துப் பார்ப்போம் என்று சொன்னவள் நான். தோட்டத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து பதினைந்து இடங்களில் மண் எடுத்து, ஒன்றாகக் கலந்து, நிழலில் காயவைத்து, அதில் ஒரு பை மட்டும் சோதனைக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். மண்ணை அள்ளிப் போடப் புது வாளி வாங்கி வருகிறேன் என்று கணவர் கிளம்பினார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. எஸ்டேட்டில் வளர்ந்தவள் நான். எங்கள் வீட்டில் உரச்சாக்கு கூடக் குப்பைக்குப் போனதில்லை, துவைத்துத் தைத்தால் கால்மிதி. இத்தனை வாளி கிடக்கும்போது புதிதாக ஒன்றா என்று அவரைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டு, உரம் வீசும் வாளியைக் குழாயடியில் அலசி அவர் கையில் திணித்தேன்.

முடிவு வந்தது. மண்ணில் சாம்பல் சத்து, அதாவது பொட்டாஷ், மிக அதிகம் என்று போட்டிருந்தது. மண்ணில் சத்து நிறைந்திருந்தும் மரம் காய்கிறதென்றால், கோளாறு மரத்துக்குள்தானே? கணவர் மரம் சாய்க்கும் ஆளுக்குப் போன் போட்டு, திங்கட்கிழமை வரச் சொன்னார். அதற்குப் பிறகு இரண்டு நாள் அவர் தோட்டத்துப் பக்கமே போகவில்லை.

சனிக்கிழமை காலை சோதனைக்கூடத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். மண் அனுப்பிய மறுவாரம் ஓலையையும் வெட்டி அனுப்பியிருந்தோம். அதன் முடிவைச் சொல்லத்தான் கூப்பிட்டிருந்தாள்.

“ஆன்ட்டி, மண்ணுல சாம்பல் சத்து நெறைய இருக்கு, ஓலையில ரொம்பக் கம்மி. ரெண்டும் ஒத்து வரல லா. மண்ண எதுல அள்ளுனீங்க?”

சுத்தமான வாளியில்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். போனைப் பிடித்தபடியே பின்கட்டுக்குப் போய் அந்த வாளியைத் தலைகீழாகத் தூக்கிப் பார்த்தேன். உள்விளிம்பின் மடிப்பில் செக்கச்செவேலென்று உரம் உப்பாக இறுகிக் கிடந்தது. சோதனைக்குப் போனது எங்கள் மண் மட்டுமில்லை, நாங்கள் வருடக்கணக்காக வீசிய உரமும்தான். வெட்கம் பிடுங்கித் தின்றாலும் உள்ளதைச் சொல்லிவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. மரங்களின் அடித்தண்டைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னாள், மறுபடி மண் கேட்டாள்.

திங்கட்கிழமை வரவிருந்த ஆளை வர வேண்டாம் என்று நிறுத்தினோம். பிளாஸ்டிக் பேசின் ஒன்றை நானே கடைக்குப் போய் வாங்கி வந்தேன். அந்தப் பதினைந்து இடங்களிலும் கணவர் தோண்டத் தோண்ட, நானே கையால் அள்ளிப் போட்டேன். வாளியைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மூன்று வாரம் கழித்து அதே பெண் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டேன். படத்தில் அழுகலுக்கான காளான் எதுவும் தெரியவில்லை, புள்ளி விழுவது சத்துக் குறைவால்தான் என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, துக்கம் விசாரிப்பவள் மாதிரி சொன்னாள்.

“மண்ணு ரொம்ப ஏழை ஆன்ட்டி. சாம்பல் சத்து இல்லவே இல்லன்னு சொல்லலாம். நீங்க வீசுனதெல்லாம் மழையில போயிருக்கு. வருத்தப்படாதீங்க.”

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. கணவர்தான் போனைப் பக்கத்தில் இழுத்தார்.

“மரத்துக்குப் பசின்னா உரம் போட்டுக்கலாம்மா. செத்துப்போச்சுன்னுல நெனச்சோம்.”