பெயர் கேட்டு அழுத பிள்ளை

“படகு என்னோடது இல்லம்மா, என் பையன் சாலிக்கோடது. அவன் வர்ற வரைக்கும் நான் ஓட்டுறேன், அவ்வளவுதான்.”

யாரும் கேட்கவில்லை. திமிங்கலம் பார்க்க வடதுருவப் பக்கத்து நூக் நகரத்துக்கு வந்திருந்த சுற்றுலாப் பெண், தன் பாட்டுக்குக் கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தாள். காலீராக்தான் சுக்கானைப் பிடித்தபடி தானாகச் சொன்னார்.

“மச்சான், முதல்ல திமிங்கலத்தைத் தேடுங்க,” என்றார் கயிறு சுற்றிக்கொண்டிருந்த தோபியாஸ், காலீராக்கின் மனைவியின் தம்பி.

“போன வாரம் ஐஸ்கட்டியைக் காட்டித் திமிங்கலம்னவன்தானேடா நீ!”

போன வருஷம் சீல் வேட்டைக்குப் போன சாலிக் பனிமூட்டத்தில் சிக்கித் திரும்பவில்லை. படகு மட்டும் கிடைத்தது. ஊரில் யாரும் காலீராக்கிடம் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

பன்னிரண்டு நாளுக்கு முன்னால் மகள் இவாலுவுக்குத் தங்கக்கட்டியாக ஓர் ஆண்குழந்தை பிறந்தது. அந்த ஊர் வழக்கப்படி, செத்தவர் பெயரைப் பிறந்த பிள்ளைக்கு வைப்பார்கள். பெயரோடு ஆளும் வீடு திரும்பிவிடுவார். பிள்ளை ஓயாமல் அழுதால் தன் பெயரைக் கேட்கிறது என்று அர்த்தம். இதுவோ பிறந்ததிலிருந்து வீறிட்டு அழுதது. ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். எல்லார் வாயிலும் ஒரே பெயர்தான்.

“உசுரோட இருக்கிறவன் பேரை எடுத்து எப்படிடி வைப்ப?” என்று மனைவி மார்காவிடம் எரிந்து விழுந்தார் காலீராக். பெயரைக் கொடுத்தால் மகனைக் கடலுக்குக் கொடுத்ததாக ஆகிவிடுமே.

சுற்றுலாப் பெண் நிமிர்ந்து, மரியாதைக்காகக் கேட்டாள்.

“அப்படியா? எப்ப வர்றார் உங்க பையன்?”

தோபியாஸின் கை கயிற்றிலேயே நின்றுவிட்டது. ஒரு வருஷமாக ஒருத்தரும் கேட்காத கேள்வி. காலீராக் கறுத்த தண்ணீரைப் பார்த்தார்.

“வரமாட்டான்மா,” என்றார்.

அன்றைக்குப் பார்த்துத் திமிங்கலம் வந்தது, படகுக்குப் பக்கத்திலேயே. அவர் திரும்பவில்லை.

கரைக்கு வந்ததும் நேரே வீட்டுக்கு நடந்தார். குழந்தை பார்க்க வந்தவர்களின் செருப்பும் பூட்ஸும் வாசலில் குவிந்து கிடந்தன. உள்ளே காபி, கேக், கருவாடு, அழுகைச் சத்தம்.

“என்னங்க இது, பூட்ஸோடயா...” என்று ஆரம்பித்த மார்கா அவர் முகத்தைப் பார்த்ததும் விலகி வழிவிட்டாள்.

இவாலுவின் மடியிலிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டார். சின்னக் கால் இரண்டையும் உள்ளங்கையில் பொத்திக்கொண்டார்.

“சாலிக்,” என்றார். “தண்ணி ரொம்பக் குளுந்துச்சாடா, ராசா?”