முறியாத கை

முதலில் மடங்கியது மோதிர விரல்.

என் கணவர் மத்தேயோ காலையில் பியானோ வாசித்துக்கொண்டிருந்தார். நான் சமையலறையில் கோப்பி ஊற்றிக்கொண்டிருந்தேன். வழக்கமாக ஓடிப்போகிற ஓர் இடத்தில் வாசிப்பு இடறியது. திரும்ப அதே இடம், திரும்ப அதே இடறல். எட்டிப் பார்த்தேன். வலது கையின் மோதிர விரலும் சின்ன விரலும் உள்ளங்கைப் பக்கம் சுருண்டு கிடந்தன. அவற்றை இடது கையால் நிமிர்த்திவிட்டு மறுபடி தொடங்கினார். மறுபடி சுருண்டன.

"நேற்றுக் குளிருக்குள்ள நிண்டது. அதுதான்," என்றார்.

எங்கள் வீட்டில் ஜேர்மன்தான் கதைப்போம். அவருக்குத் தமிழ் வராது. எனக்கு ஸ்பானியம் திட்டுவதற்கு மட்டும் வரும். மற்றவர்கள் சொன்னதையும் அவர் சொன்னதையும் இங்கே என் வீட்டுத் தமிழில்தான் எழுதுகிறேன். சண்டை பிடிக்க எனக்கு அதுதான் வசதி.

இதை வாசிப்பவர்களில் யாருக்காவது, வலியே இல்லாமல் ஒரு விரல் சொல்வழி கேட்காமல் போயிருந்தால், இன்னும் கொஞ்சம் பழகினால் சரியாகிவிடும் என்று எண்ண வேண்டாம். அவர் அப்படித்தான் எண்ணினார். ஒரு கோடைகாலம் முழுக்க அந்த ஓர் இடத்தையே போட்டு அடித்தார். நோய்க்குச் சோறு போட்டு வளர்த்தார் என்றுதான் சொல்வேன்.

அவர் யார் என்று சொன்னால்தான் அந்தப் பிடிவாதம் விளங்கும். ஸ்பெயினின் தெற்கே ஒரு துறைமுக ஊரில், கப்பல் இயந்திரம் திருத்துகிறவரின் மகன். தேவாலய மண்டபத்தில் கிடந்த பியானோவில் பழகினார். மத்ரித்தில் படிப்பு, இளவயதிலேயே ஒரு பெரிய பரிசு, பிறகு ஜேர்மனி. ஸ்டுட்கார்ட்டில் வீடு எடுத்தாலும் வீட்டில் இருந்ததைவிட ரயிலில் இருந்ததுதான் அதிகம். போன ஊரெல்லாம் மண்டபம் நிறைந்தது. ஜேர்மன் இசையை இந்த நாட்டுக்காரரே எழுந்து நின்று கைதட்டும்படி வாசித்தவர். ஆனாலும் அவருடைய சுவரொட்டிக்கு மட்டும் எப்போதும் சிவப்புப் பூசி, ஓரத்தில் ஒரு விசிறியும் வரைந்துவிடுவார்கள். அந்தக் கோபம் எனக்குப் பழகியது. அகதியாக வந்த யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு மகளாக இங்கேயே பள்ளிக்கூடம் போனவள் நான். இன்றைக்கும் எவராவது என்னிடம் உறைப்புக் கறியைப் பற்றித்தான் கேட்பார்.

அவருடைய கச்சேரிகளை ஒழுங்கு செய்கிற முகவரிடம் நான் வேலை பார்த்தேன். ரயில் சீட்டும் விடுதி அறையும் பதிவு செய்து கொடுத்தே அவரைத் தெரியவந்தது, கட்டியது.

இசைக்கலைஞர்களுக்கென்று இருக்கிற ஒரு மருத்துவ நிலையத்தில் டெர்மின் (வைத்தியரைப் பார்க்கும் நேரம்) கிடைக்கக் குளிர்காலம் வந்துவிட்டது. வைத்தியர் நரைத்த தலையும் அவசரமில்லாத குரலும் உள்ள பெண். மத்தேயோவை வாசிக்கச் சொன்னார். விரல்கள் சுருண்டன. பிறகு அதே இசைத்துண்டை மேசை விளிம்பில் வாசிக்கச் சொன்னார். மேசையில் பத்து விரலும் பிசகாமல் ஓடின. நான் சிரித்துவிட்டேன், சுகமாகிவிட்டது என்று.

"வலி இருக்கோ?" என்று கேட்டார்.

"இல்லை."

"இருந்திருந்தால் நான் சந்தோசப்பட்டிருப்பன். வலிக்கு மருந்து இருக்கு."

குவிய டிஸ்டோனியா என்றார் (ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்யும்போது மட்டும் மூளையின் கட்டளை குழம்பித் தசைகள் தாமாகச் சுருங்கும் கோளாறு). பாணுக்கு வெண்ணெய் பூசலாம், பொத்தான் போடலாம், கார் ஓட்டலாம். பியானோ மட்டும் ஏலாது. இவ்வளவு வன்மமான வருத்தத்தை நான் அதற்கு முன் கேள்விப்பட்டதில்லை.

"எப்ப சரிவரும்?" என்று மத்தேயோ கேட்டார்.

"கொஞ்சப் பேருக்கு நல்லா வருது. கனபேர் பழைய இடத்துக்குத் திரும்பிறதில்லை. கச்சேரி ஒண்டுக்கும் இப்ப ஒத்துக்கொள்ளாதேங்கோ."

நடைபாதைக்கு வந்ததும் என் கையைப் பிடித்தார். "இது ஒருத்தருக்கும் தெரியக்கூடாது." விரல் வழங்காத பியானோக்காரரை எந்த மண்டபமும் காத்திருந்து கூப்பிடாது. அவர் பயந்ததில் பிழையில்லை.

வழி சொன்னது என் அம்மா. வருத்தத்தை வெளியில் விடாத குடும்பம் எங்களுடையது. சித்திக்கு வந்த வலிப்பு ஊருக்கு எப்போதும் 'தலைச்சுற்று'தான். பெண் பார்க்க வருகிறவர்களுக்குப் பயந்து தொடங்கிய பழக்கம், கலியாணம் முடிந்த பிறகும் நிற்கவில்லை.

"கை முறிஞ்சதெண்டு சொல்லன் பிள்ளை," என்றார் அம்மா. "முறிவெண்டால் ஒருத்தரும் துருவிக் கேக்கமாட்டினம். பாவமெண்டுவினம், பேசாமல் போயிடுவினம்."

மருத்துவ உபகரணக் கடையில் மணிக்கட்டுப் பட்டை ஒன்று வாங்கினோம். பனியில் சறுக்கி விழுந்தார் என்று முகவரிடம் நான்தான் சொன்னேன். வீடு பூவால் நிறைந்தது. என் வாழ்க்கையில் பூக்களை அவ்வளவு வெறுத்ததில்லை. வந்தவர்களெல்லாம் பட்டையைத் தொட்டுப் பார்த்து, தங்கள் முறிவுக் கதைகளைச் சொல்லி, கேக் தின்றுவிட்டுப் போனார்கள்.

சிகிச்சை மெல்லப் போனது. போட்டுலினம் ஊசியை (இறுகுகிற தசையைத் தற்காலிகமாகத் தளர்த்தும் மருந்து) முன்கையில் ஏற்றினார்கள். ஊசியோடு சேர்ந்த ஒரு கருவி தசையின் இரைச்சலை ஒலிபெருக்கியில் கொடுத்தது. மத்தேயோ அது என்ன சுரம் என்று கண்டுபிடிக்கப் பார்த்தார். முதல் தடவை அளவு கூடி, சுருண்ட விரலோடு நடுவிரலும் துவண்டுபோனது. கரண்டியைக்கூட நழுவவிட்டார். அடுத்த தடவை குறைத்தார்கள்.

அதோடு மீள்பயிற்சி (கைக்கு அடிப்படை அசைவுகளைப் புதிதாகப் பழக்குவது). ஒரு நாளைக்குச் சில நிமிடம், குழந்தை வாசிப்பதைவிட மெதுவாக. விரல் சுருளத் தொடங்கினால் அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். இதுதான் சட்டம். அவரால் முடியவில்லை. சிறுவயதிலிருந்து, பிழைத்தால் திரும்ப வாசி என்று வளர்ந்த கை அது. நான் கடைக்குப் போகிற நேரம் பார்த்து முழு வேகத்தில் வாசித்தார். படியேறி வரும்போதே எனக்குக் கேட்டுவிடும். கடைசியில் பியானோ மூடியைப் பூட்டித் திறப்பை என் பையில் போட்டுக்கொண்டேன்.

"நீ என்ன, மறியல்வீட்டுக் காவல்காரியோ?" என்றார்.

"மறியலில இருக்கிறது நான்," என்றேன்.

நோயாளியைக் கவனிக்கிறவர்கள் பொறுமையின் வடிவம் என்று எழுதுகிறவர்களை எனக்குக் கண்ணில் காட்டக்கூடாது. நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் கடித்துக் குதறினோம்.

கோடை முடிகிற நேரம் முகவர் தொலைபேசி எடுத்தார். "ஒரு முறிவுக்கு இவ்வளவு காலமோ? நல்லகாலம், மியூனிக் கச்சேரிக்கு அவர் ஓமெண்டிட்டார்."

எனக்கு அது புதுச் செய்தி. நேரே அவரிடம் போனேன்.

"ஓம், ஒத்துக்கொண்டனான்தான்," என்றார். "ஒட்டின எலும்பெண்டால் வாசிக்கத்தானே வேணும். இனி என்ன சாட்டுச் சொல்லுறது?"

அப்போதுதான் எங்கள் மடத்தனம் எனக்கு முழுதாக விளங்கியது. முறிவு ஆறும். ஆறுகிற காலம் எல்லோருக்கும் தெரியும். சுருண்ட விரலுக்கு எந்த வைத்தியரும் தராத தவணையை நாங்களே எழுதிக் கொடுத்திருந்தோம்.

"போனால், பழகினதெல்லாம் அந்த மேடையிலயே போயிடும். பிறகு கை திரும்பாது."

"அது என்ரை கை."

"உங்கடை கைதான். சுமக்கிறது நானும் சேர்ந்து."

திறப்பைக் கேட்டுக் கையை நீட்டினார். நான் தொலைபேசியை எடுத்தேன். அவர் முன்னாலேயே, ஒலிபெருக்கியைப் போட்டு, முகவரை அழைத்தேன்.

"கை முறியேல்லை. ஒருநாளும் முறிஞ்சதில்லை," என்று தொடங்கி வருத்தத்தின் பெயர்வரை சொன்னேன். முகவர் முதலில் கேட்டது கையைப் பற்றியல்ல, மண்டபத்துக்கு யார் அறிவிப்பது என்று.

மத்தேயோ பட்டையைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டுப் பின்னறைக்குப் போனார். வாரக்கணக்காக என்னோடு ஜேர்மனில் ஒரு சொல் கதைக்கவில்லை. ஸ்பானியத்தில் கதைத்தார். அவ்வளவும் எனக்கு விளங்கிய சொற்கள்.

முகவரின் இணையப் பக்கத்திலிருந்து அவர் படம் போனது. அழைப்புகள் நின்றன. பூ அனுப்பியவர்களில் ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லை. முறிந்த கைக்கு அனுதாபம் இருக்கிறது. குழம்பிய கைக்கு இல்லை.

செய்தி பரவிய பிறகு அழைத்தவர்கள் வேறு ஆட்கள். செலோ வாசிக்கும் ஒருவர் தன் தோள் சுளுக்கு சுளுக்கே அல்ல என்றார். புல்லாங்குழல்காரி ஒருத்தி 'குடும்பக் காரணங்கள்' என்று சொல்லி இசைக்குழுவிலிருந்து விலகியிருந்தாள். மத்தேயோ பின்னறையிலிருந்து வெளியே வந்தது அவர்களோடு கதைப்பதற்குத்தான். ஒரு மாலை அவர், "சுருளத் தொடங்க முதல் நிப்பாட்டு, பிறகு நிப்பாட்டி வேலையில்லை," என்று அந்தப் பெண்ணுக்குச் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். நான் நூறு தடவை சொன்னதை ஏதோ தான் கண்டுபிடித்த மாதிரி. எரிச்சல் வந்தது. ஆனாலும் அந்தக் கிழமை பியானோத் திறப்பைத் திருப்பிக் கொடுத்தேன்; அதன் பிறகு அவர் களவாக வாசிக்கவில்லை.

இதை வாசிக்கிற உங்களுக்குச் சுகம் வரும் என்று நான் சொல்லப்போவதில்லை. அவர் மேடைக்குத் திரும்பவில்லை, திரும்பப் போவதுமில்லை. அன்று நான் செய்ததைச் செய்ய எனக்கு உரிமையில்லை என்று இன்றைக்கும் சொல்கிறார். ஓம், இல்லை என்கிறேன். மன்னிப்புக் கேட்கவில்லை.

அண்மையில் ஒரு சனிக்கிழமை காலை என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்கச் சொன்னார். வலது கையால் ஐந்து சுரங்கள், கீழிருந்து மேலே, விரலுக்கு ஒன்றாக. மோதிர விரல் தன் இடத்தில் நேராக விழுந்து எழுந்தது. சின்ன விரலும் அப்படியே. எனக்குக் கண் கலங்கியது.

"இன்னொருக்கா," என்றேன்.

"இல்லை. சரியா வந்திட்டுது, இண்டைக்கு இவ்வளவு காணும்," என்றார்.

மூடியைச் சாத்திவிட்டு, கடையில் என்ன வாங்க வேண்டும் என்று கேட்டபடி மேற்சட்டையை மாட்டிக்கொண்டு போனார். நான் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அந்த அறையில் எதுவும் ஒரே ஒரு தடவை நடந்து முடிந்ததில்லை. நான் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.