ஒற்றைக்கண்ணனின் முன்கதை

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்கு வருகிற சொந்தக்காரர்கள் பால்கோவா வாங்கி வருவார்கள். என் தங்கையின் கணவர் வீடியோ கேம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வந்துவிட்ட மனைவியைக் கூட்டிப்போக வந்த மனிதர் இப்படி வந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? எனக்கு அது கொஞ்சம் சுலபமாகவே வரும்.

தொண்ணூறுகளின் நடுவில் அவர் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வீடியோ கேம் கடை வைத்திருந்தார். ஒருநாள் கடையைப் பூட்டிவிட்டு யாரிடமும் சொல்லாமல் எங்கோ போய்விட்டார். சில வாரம் தகவலே இல்லை. தங்கை அழுது ஓய்ந்து எங்களிடம் வந்தாள். இப்போது திரும்பி வந்தவரிடம் எல்லாக் கேள்விக்கும் பதில் இருந்தது. கோயம்புத்தூரில் நண்பருக்கு விபத்தாம், ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்தாராம். ஏன் போன் பண்ணவில்லை? நம்பர் எழுதிய தாள் மழையில் நனைந்துவிட்டது. தாடி எதற்கு? நண்பர் பிழைப்பதற்கு வேண்டுதல். கையில் காயம்? ஸ்ட்ரெச்சர் இடித்தது.

அவளை அனுப்பலாமா என்று அம்மா என்னிடம்தான் கேட்டாள். அப்பா இல்லாத வீடு. தப்பாகச் சொன்னால் தங்கையின் வாழ்க்கை போய்விடும்.

அவரோ நிதானமாக டிவியில் வயரைச் செருகினார். "மச்சான், நம்ம கடையில ஆடுவீயள்ல, அதுக்கு முந்தின கதை வந்திருக்கு. ஒத்தக்கண்ணன் எப்படிக் கெட்டவனா ஆனாம்னு இதுல வருது."

மில்லில் லீவு கிடைக்கும்போதெல்லாம் நான் அவர் கடைக்குப் போய் ஆடிய கேம் அது. கடைசியில் கோட்டை வாசலில் ஒற்றைக்கண்ணன் கறுப்புக் குதிரையில் நிற்பான். எத்தனையோ முறை அவனிடம் செத்திருக்கிறேன். கண் எப்படிப் போனது, கத்தி ஏன் பாதியாக இருக்கிறது, எதுவும் சொல்ல மாட்டார்கள். அதனாலேயே அவனைப் பார்த்தால் உண்மையிலேயே பயமாக இருக்கும்.

ஆட உட்கார்ந்தோம். தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டு கதவோரம் இருந்தாள். ஆனால் அவள் பி.ஏ. இங்கிலீஷ். திரையில் இங்கிலீஷ் வரி வந்ததும் வாய் சும்மா இருக்கவில்லை, ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னாள்.

புதுக்கதையில் எல்லாவற்றுக்கும் காரணம் வைத்திருந்தார்கள். கண் போனது, கத்தி முறிந்தது, குதிரை கிடைத்தது, எல்லாம் ஒரே ராத்திரியில். எனக்கு எரிச்சலாக வந்தது. பயமுறுத்தியவனைப் பரிதாபத்துக்குரியவனாக்கி உட்கார வைத்துவிட்டார்கள். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இதில் நாம் ஆடுவது அவனாகத்தான். அவன் எங்கே போய் முடிவான் என்று நமக்குத் தெரியும். நாம் ஜெயிக்க ஜெயிக்க அவன் அந்தக் கோட்டை வாசலை நெருங்கிக்கொண்டே இருப்பான். ஜெயிப்பதற்கே கை கூசியது.

நடுவில் ஆளில்லாத ஊர் ஒன்று வந்தது. அங்கே ஒரு நாய். பட்டனை அமுக்கினால் அவன் குனிந்து அதைத் தடவிக்கொடுப்பான், அவ்வளவுதான். அதனால் கதைக்கு ஒரு லாபமும் இல்லை. மூன்று பேரும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றோம்.

"இந்த நாய மட்டும் நம்புறேன்" என்றேன். "கதை கட்டுறவன் எல்லாத்துக்கும் காரணம் வைப்பான். நெசமா நடந்ததுன்னா அதுல காரணமே இல்லாத ஒண்ணு கெடக்கும்." யாருக்குப் படவேண்டுமோ அவருக்குப் படட்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னேன்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது. இனி முதலிலிருந்து ஆட வேண்டும். தங்கை முதன்முறையாக அவரை நேராகப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்க. என்ன நடந்துச்சு?"

அவர் டிவியிலிருந்து வயரை உருவிச் சுற்றி வைத்தார். "கோயம்புத்தூர்ல யாருக்கும் ஒண்ணும் ஆகல. மதுரையிலதான் இருந்தேன். ஏன் போனேன்னு எனக்கே தெரியல. தெனமும் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்கு வருவேன். நம்மூரு பஸ் கெளம்புறதப் பார்த்துட்டுத் திரும்பிப் போயிருவேன்."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் நம்பிவிட்டேன். மறுநிமிஷமே உறைத்தது: எப்படிச் சொன்னால் நான் நம்புவேன் என்று சற்று முன்னால் நானேதான் அவருக்குப் பாடம் எடுத்திருந்தேன்.

வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் தங்கை பையை எடுத்துவிட்டாள். பஸ் ஏற்றிவிடப் போகும்போது அவளைத் தனியே நிறுத்திக் கேட்டேன். "அவர் சொன்னத நம்பிட்டியா?"

"நம்பிப் போகலண்ணே. முந்தி நடந்தது எதுவானாலும் இருந்துட்டுப் போகுது. இனி நடக்கப்போறத நான் பக்கத்துல இருந்து பார்த்துக்கிடுதேன்."

பஸ் கிளம்பியது. அவர் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்து ஒருமுறை தலையாட்டினார். நன்றி சொன்னாரா, ஜெயித்துவிட்டேன் என்றாரா, எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.