பயணம் சொல்லாத வீடு

எங்கள் பரங்கிப்பேட்டையில் வெளிநாடு கிளம்புகிறவர் சொந்தக்காரர் வீடு ஒன்று விடாமல் போய்ப் பயணம் சொல்ல வேண்டும். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, டீயைப் பாதி குடித்து, ஊருக்குக் கிளம்புகிறேன், துஆ செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்துகொள்வதுதான் அது. ஒரு வீடு விட்டுப்போனாலும் அந்த வீட்டார் அடுத்த கல்யாணத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். என் வாப்பா துபாயில் ஒரு கடையில் வேலை பார்த்தார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இரண்டு மாத லீவில் வருவார். அதில் ஒரு மாதம் வந்துவிட்டதைச் சொல்லவும், மறு மாதம் போகப்போவதைச் சொல்லவுமே கழிந்துவிடும். மிச்சம் மீதி இருந்தால் எங்களுக்கு.

எனக்கு அப்போது எட்டு வயது. லீவின் கடைசி வாரத்தில் உம்மா வாப்பாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"சேத்தியாத்தோப்புல ஒங்க லாத்தா வூடு ஒண்ணுதான் பாக்கி. அவுங்ககிட்ட சொல்லாம கெளம்பக் கூடாது."

லாத்தா என்றால் அக்கா. எனக்கு மாமி. உம்மா சொன்ன 'கூடாது' என்பதை நான் 'முடியாது' என்று எடுத்துக்கொண்டேன். மணியடிக்காமல் வெளியே போகக் கூடாது என்றால் எங்கள் பள்ளிக்கூட வாட்ச்மேன் கேட்டைத் திறக்கவே மாட்டார். அதேபோல மாமி வீட்டில் பயணம் சொல்லாதவரை ஏரோபிளேன் வாப்பாவை ஏற்றிக்கொள்ளாது என்று முடிவு செய்துவிட்டேன். எனக்கு வாப்பா போகவே வேண்டாம். அவருக்கு என் தலையை வகிடெடுத்துச் சீவ அப்போதுதான் வந்திருந்தது.

கிளம்பும் நாளன்று, எனக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற, கோடிக்கரை கலங்கரை விளக்கத்துக்குக் கூட்டிப்போனார். உம்மாவின் தம்பி, என் மாமா, கார் ஓட்டினார். விளக்கைப் பார்த்துவிட்டு நாலு மணிக்குக் கிளம்பினால் எட்டு மணிக்கு சேத்தியாத்தோப்பில் பயணம் சொல்லிவிட்டு வீடு திரும்பலாம், இரவு சென்னைக்குப் புறப்படலாம் என்பது மாமாவின் கணக்கு. அந்தக் கணக்கை வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தார்.

வேதாரண்யத்து உப்பளங்களைத் தாண்டி, மான்கள் ரோட்டை மறித்து நிற்கும் காட்டையும் தாண்டியபோது நிலமே தீர்ந்துபோனது. அதற்கப்புறம் கடல்தான். வாப்பாவும் உம்மாவும் நானும் படியேறினோம். உயரம் என்றால் மாமாவுக்கு உதறல். அதை ஒப்புக்கொள்ளாமல், வண்டிக்கு ஆள் வேண்டும் என்று கீழேயே நின்றுவிட்டார். உச்சியில் காற்று ஆளைத் தள்ளியது. வாப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலையே பார்த்தபடி நின்றார். உம்மா முக்காட்டைப் பிடித்துக்கொண்டு வாப்பாவைப் பார்த்தாள். எனக்கு அந்த இடத்தில்தான் யோசனை வந்தது. தலை சுற்றுகிறது, மாமாகிட்டே போகிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

மாமா பெஞ்சில் துண்டை விரித்து நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். தலைமாட்டில் கார் சாவி. எடுத்துக்கொண்டு ஓடினேன். கொஞ்ச தூரத்தில் இருந்த பூவரச மரத்தடியில் குந்தி, முன்னும் பின்னும் பார்த்து, வலமும் இடமும் பார்த்து, மணலில் முழங்கை ஆழத்துக்குப் புதைத்தேன். நான்கு திசையும் பார்த்துவிட்ட தைரியத்தில் திரும்பி வந்து மாமாவின் காலடியில் நல்ல பிள்ளையாக உட்கார்ந்துகொண்டேன்.

அவர்கள் இறங்கி வந்ததும் தேடல் ஆரம்பித்தது. மாமா துண்டை உதறினார், பெஞ்சைப் புரட்டினார், காருக்கடியில் படுத்துப் பார்த்தார். வாப்பா மட்டும் பதறவில்லை. அந்தப் பக்கம் பார்த்துவிட்டு வருகிறேன் என்று நேரே பூவரச மரத்துக்குப் போனார். எனக்கு உயிரே போய்விட்டது. குனிந்து நிமிர்ந்து, கையில் ஒட்டிய மணலைத் தட்டியபடி வெறுங்கையோடு திரும்பினார். அங்கே இல்லை என்றார். அப்பாடா என்றிருந்தது.

பிறகு அவர் மணலில் உட்கார்ந்து என்னைப் பக்கத்தில் கூப்பிட்டுக்கொண்டார். ஒரு கை பேண்ட் பாக்கெட்டில், இன்னொரு கை என் தோளில். வகுப்பில் என் பக்கத்தில் யார் உட்கார்கிறார்கள், எந்த டீச்சரைப் பிடிக்கும், விழுந்த பல்லை எங்கே போட்டேன் என்று ஒன்றொன்றாகக் கேட்டார். எனக்கோ கவனமெல்லாம் சூரியன்மேல். அது இறங்க இறங்க ஏரோபிளேன் தள்ளிப்போகும். அரைகுறையாகப் பதில் சொன்னேன். அதற்காக இன்றைக்கும் என்மேல் எனக்குக் கோபம் உண்டு.

வெயில் தணிந்தது. உம்மா கண்ணைத் துடைப்பதையும் மாமா தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பதையும் பார்த்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை. இவ்வளவு நேரம் போதும் என்று மரத்தடிக்குப் போய்த் தோண்டினேன். சாவி இல்லை. இன்னும் ஆழமாகத் தோண்டினேன். இல்லை. ஓவென்று அழுதுவிட்டேன்.

வாப்பா ஓடி வந்து என்னைத் தூக்கிக்கொண்டார். பாக்கெட்டுக்குள் கைவிட்டு மாமாவைக் கூப்பிட்டார்.

"இந்தா மச்சான் சாவி. எம் பாக்கெட்லயே கெடந்திருக்கு, கவனிக்கல."

"ஒங்களுக்கு மறதி ஜாஸ்தியாயிடுச்சி மச்சான்," என்றார் மாமா. திருவாரூர் தாண்டும்வரை திட்டிக்கொண்டே வந்தார். வாப்பா கேட்டுக்கொண்டே வந்தார். மணலில் புதைத்த சாவி பாக்கெட்டுக்கு வந்துவிட்டதால், ஜின்கள் இருக்கின்றன என்று எனக்கு அன்றைக்கு உறுதிப்பட்டது.

சேத்தியாத்தோப்புக்குப் போக நேரமில்லை. வாப்பா காரிலிருந்தே மாமிக்குப் போன் செய்தார். மாமியின் குரல் பின்சீட்டு வரைக்கும் கேட்டது.

"வாசல மிதிக்காம போன்ல சொன்னா அது பயணம் சொன்னதா ஆவாதுடா."

எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. ஜெயித்த களைப்பில் தூங்கிப்போனேன். காலையில் எழுந்தபோது வாப்பாவின் கைலி கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. வாப்பா இல்லை. மாமி அடுத்த லீவு வரை அவரோடு பேசவில்லை. தம்பிக்கு அக்காமேல் பாசம் இல்லை என்று ஊரெல்லாம் சொன்னாள். வாப்பா அதையும் கேட்டுக்கொண்டார்.

போன வருடம் என் மகளைக் கூட்டிக்கொண்டு அந்த விளக்கின் மேல் ஏறினேன். கம்பியைப் பிடித்துக் கீழே பார்த்தேன். பூவரச மரத்துக்குப் பக்கத்தில் யாரோ ஒரு குழந்தை குந்தி உட்கார்ந்து மணலைத் தோண்டிக்கொண்டிருந்தது. எந்தக் கையால் தோண்டுகிறது என்பதுகூட மேலிருந்து தெரிந்தது.

அன்றைக்கு நான் நான்கு திசையும் பார்த்தேன், மேலே பார்க்கவில்லை. வாப்பாவைப் போகவிடாமல் நிறுத்தப் பார்த்தது அந்தக் கடற்கரையில் நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.