தரையில் உட்கார்ந்து எடுத்த படம்

போன வருடம் தை மாதம், முக்கூடலில் உள்ள என் தச்சுப் பட்டறையில் நடந்தது. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா. என் பிள்ளைகளிடம் சொன்ன இந்தத் தவறை உங்களிடமும் சொல்லிவிடுகிறேன், பிள்ளைகளே.

வேப்ப மரத்தில் கைவைத்த நாற்காலி ஒன்று செய்து முடித்திருந்தேன். எங்கள் வேலையில் பாதி நாள் தரையில் உட்கார்ந்துதான் இருப்போம். அன்றும் இருந்த இடத்தை விட்டு எழாமல் அப்படியே செல்போனைத் தூக்கிப் படம் எடுத்தேன். பின்னால் வெறும் சுவர். பக்கத்தில் ஒரு பொருளும் இல்லை. படத்தில் நாற்காலி நெடுநெடுவென்று நின்றது. எனக்கே பெருமை தாங்கவில்லை. உடனே வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டேன்.

அந்தப் படம் கைமாறிக் கைமாறி விக்கிரமசிங்கபுரத்தில் ஓர் அக்காவிடம் போயிருக்கிறது. போனில் கூப்பிட்டார். அவருடைய கணவர் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முழங்கால் தேய்ந்துபோனதால், தாழ்வாக உட்கார்ந்தால் எழ முடியாது. ஒவ்வொரு முறையும் யாராவது தூக்கிவிட வேண்டும். அதை நினைத்தே மனிதர் உள்ளுக்குள் நொந்துபோயிருந்தாராம்.

"தம்பி, நல்லா உசரமா இருக்கும்லா? அவிய தானா எந்திரிக்கணும். அதுக்குத்தான் கேக்கேன்."

"படத்துல பாக்கியள்லா அக்கா, அப்படியே இருக்கும்" என்றேன்.

பொய் சொல்லவில்லை, படத்தை நானும் நம்பினேன். மடியிலேயே கிடந்த அளவு டேப்பை எடுக்கத் தோன்றவில்லை.

லோடு ஆட்டோவில் கொண்டுபோய் அவர்கள் வீட்டில் இறக்கினேன். அக்காவின் கணவர், அண்ணாச்சி, உட்கார்ந்தார். கைப்பிடியைத் தடவிப் பார்த்து, "வழவழன்னு இருக்கு வே" என்று சிரித்தார். பிறகு எழப் போனார். முடியவில்லை. கைப்பிடியை அழுத்தி மறுபடி முயன்றார். மூன்றாவது முறை அக்கா தோளுக்குக் கீழே கை கொடுத்துத் தூக்கிவிட்டார். நின்றதும் அவர் எங்கள் இருவரையும் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். அந்த முகம் இன்னும் எனக்குள் இருக்கிறது.

போனை நீட்டினேன். "இதே நாற்காலிதான் அண்ணாச்சி."

படத்தைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார். "எங்கன இருந்துவே எடுத்த?"

"தரையில உக்காந்து."

"தரையில கெடந்து பாத்தா முக்காலிகூட மச்சு உசரந்தான் தெரியும். எந்திச்சு நின்னு எடுத்தா என்ன? எனக்குத்தான் முட்டு போச்சு, ஒனக்கு என்னவே கேடு?"

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அண்ணாச்சியை அப்படியே நிற்கச் சொல்லி, குதிகாலிலிருந்து முழங்கால் மடிப்பு வரை அளந்தேன். நாற்காலி நான்கு விரல் தாழ்வு. பட்டறைக்குத் திரும்பக் கொண்டுபோய், பழைய காலில் துண்டு வைத்து ஒட்டுக் கொடுத்தால் தாங்காது என்று நான்கு கால்களையும் புதிதாகவே செய்தேன்.

அடுத்த வாரம் மறுபடி அதே வீடு. அண்ணாச்சி உட்கார்ந்தார். அக்கா பழக்கத்தில் கையை நீட்டினார்.

"நீ அங்கன தள்ளிப் போ" என்றார் அண்ணாச்சி. கைப்பிடியை ஊன்றி, பைய எழுந்து நின்றார். அக்காவின் கை இன்னும் நீட்டியபடியே இருந்தது.

ஒரு படம் எடுக்கட்டுமா என்று கேட்டேன். "உக்காருங்க அண்ணாச்சி" என்றேன்.

"எதுக்கு? எந்திரிச்சிட்டேன்லா, இப்படியே எடு. நீயும் நின்னுக்கிட்டு எடுவே!"

இப்போதெல்லாம் நான் செய்யும் பொருளுக்குப் பக்கத்தில் உயரம் தெரிய ஒரு குடத்தை வைத்து, எழுந்து நின்றுதான் படம் எடுக்கிறேன். கீழே அளவையும் எழுதிவிடுகிறேன். நாற்காலியின் முதுகில் கைவைத்து அண்ணாச்சி நிற்கும் படம் என் போனில் பத்திரமாக இருக்கிறது. ஒவ்வொரு முறை படம் எடுக்கும்போதும், இதை நம்பி உட்காரப் போகிறவர் எப்படி எழுந்திருப்பார் என்று ஒரு கணம் நினைத்துப் பார்த்துவிட்டுத்தான் பொத்தானை அழுத்துகிறேன்.