மைசூரில் கடல் எந்தப் பக்கம்

தையலம்மாள் மாசி மாதம் இறந்தாள். துக்கம் கேட்க வந்தவர்கள் அவள் மகன் கலைவேந்தனிடம் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களைப் பற்றியே கேட்டார்கள். அதை அவன் இரண்டு வாக்கியத்தில் முடித்தான். பிறகு, கேட்காமலே, மைசூருக்குப் போய்வந்ததைச் சொன்னான்.

கடலோரக் கிராமமான நல்லவாட்டில் பிறந்து நல்லவாட்டிலேயே வாழ்க்கைப்பட்டவள் தையலம்மாள். விடியும் முன்பே கரைக்குப் போய் ஏலத்தில் மீன் எடுப்பாள். கூடையோடு ஷேர் ஆட்டோவில் ஏறிக் கிருமாம்பாக்கம், பாகூர், சேலியமேடு என்று தெருத்தெருவாக விற்பாள். எந்த வீட்டில் முள் மீன் ஆகாது, எந்த வீட்டில் தலையைத் தனியாகக் கேட்பார்கள் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். கணவர் போன பிறகும் கூடை இறங்கவில்லை. அந்தக் கூடைதான் கலைவேந்தனைப் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படிக்க வைத்தது. இப்போது அவன் விசைப்படகுகளுக்கு ஜி.பி.எஸ்., வயர்லெஸ் பொருத்துகிறான். நாற்பதைத் தாண்டிவிட்டான். முன்மண்டையில் முடியில்லை.

ஊர் சுற்றப் போவது என்பது அவள் வாழ்க்கையில் இல்லாத ஒன்று. போன வருடம் மீன்பிடித் தடைக்காலம் முடியும் தறுவாயில் அவன்தான் பிடிவாதம் பிடித்தான். அவன் மனைவி இளவரசிக்கு லீவு கிடைக்கவில்லை. தாயும் பிள்ளையுமாகக் கடலூரில் ரயில் ஏறினார்கள். தையலம்மாள் புளிச்சோறும் வறுத்த நெத்திலிக் கருவாடும் கட்டி எடுத்துக்கொண்டாள். பாதி ராத்திரிக்குள் அந்தப் பெட்டியில் அவர்களை எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் மலிவான லாட்ஜ். டவுன் பஸ்ஸில் மலைக்கோயிலுக்குப் போனார்கள். மேலிருந்து நகரம் முழுவதும் தெரிந்தது. தையலம்மாள் நாலு பக்கமும் பார்த்தாள்.

"சுத்திலும் தரைதான் கீது. இந்த ஜனங்க சாயங்காலத்துல எதைப் பாத்துக்கினு உக்காருவாங்க?"

மிருகக்காட்சிசாலை வாசலில் இருந்த கூட்டத்தைப் பார்த்ததும் உள்ளே வர மாட்டேன் என்றுவிட்டாள். ஆனால், ஒட்டகச்சிவிங்கி மதிலுக்கு மேலே தலையை நீட்டாதா என்று வெளியிலேயே வெகுநேரம் நின்றாள். நீட்டவில்லை. அது இன்னா பண்ணும், அதுக்கும் வெயில்தானே என்று சொல்லிவிட்டு நடந்தாள். ஒரு மரத்தடியில் கட்டுச்சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டார்கள். பார்க்க வேண்டியதில் மிச்சம் ஒன்றே ஒன்று, அரண்மனை. அன்று ஞாயிற்றுக்கிழமை. பொழுது சாய்ந்ததும் அரண்மனை முழுக்க விளக்குப் போடுவார்கள், அதை இலவசமாகப் பார்க்கலாம். அதுவரை பொழுதைப் போக்க மார்க்கெட்டுக்குள் நுழைந்தார்கள்.

நுழையும்போதே அவன் சொல்லி வைத்தான். தவறிப் போனால் லாட்ஜுக்கு வந்துவிடு, இங்கிருந்து நேர் கிழக்கே. கிழக்கு மேற்கை எனக்கே சொல்லித் தருகிறாயா என்று அவள் சடைத்துக்கொண்டாள். போனை லாட்ஜிலேயே சார்ஜில் விட்டு வந்திருந்தாள்.

தையலம்மாள் வாழைத்தார்க் கடையில், வாங்கும் எண்ணமே இல்லாமல், பேரம் பேசிக்கொண்டிருந்தாள். கலைவேந்தனுக்குப் போன் வந்தது. படகு உரிமையாளர். தடை முடிந்ததும் கடலுக்குப் போக வேண்டும், ஜி.பி.எஸ். சிக்னல் பிடிக்கவில்லை என்றார். சத்தத்தில் ஒன்றும் காதில் விழவில்லை. சொல்லாமல் வெளியே போய்ப் பேசினான். திரும்பி வந்தபோது வாழைத்தார் இருந்தது. அம்மா இல்லை.

பூக்கடை வரிசை, குங்குமக் கடை வரிசை, காய்கறி எல்லாம் பார்த்தான். லாட்ஜுக்கு ஓடினான். வரவில்லை என்றார்கள். திரும்பவும் மார்க்கெட்டுக்கு ஓடினான். கன்னடம் தெரியாத, போன் இல்லாத, லாட்ஜ் பேரைக்கூடச் சரியாகச் சொல்லத் தெரியாத அறுபத்தைந்து வயது மனுஷி. போலீஸ்காரர் போட்டோ கேட்டார். போனில் தேடினான். படகுகளின் படம்தான் நிறைய இருந்தது. அம்மா ஒன்றிரண்டில் இருந்தாள், கூடை முகத்தை மறைத்தபடி.

மார்க்கெட் வாசலில் நின்றான். அவள் எந்தத் தெருவில் போயிருப்பாள் என்று தெரியவில்லை. மேகம் மூடியிருந்ததால் சூரியன் தெரியவில்லை. காற்று மட்டும் முகத்தில் அடித்தது.

அப்போதுதான் உறைத்தது. நல்லவாட்டில் மத்தியானத்துக்கு மேல் காற்று கடலில் இருந்து வரும். கடல் கிழக்கே. பொழுது போய் எந்தத் தெருவில் இருந்து திரும்பினாலும் காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு நடந்தால் வீடு. அவளுக்குக் கிழக்கு என்றால் அதுதான். இந்த ஊரில் இந்த மாதத்தில் காற்று மேற்கில் இருந்து வருகிறது.

அவள் நேர் கிழக்கே என்று நினைத்து நேர் மேற்கே போயிருக்கிறாள்.

காற்றுக்கு எதிரே நடந்தான். தெரு திரும்பிய இடங்களில் எல்லாம் காற்று எந்தப் பக்கம் என்று நின்று பார்த்து நடந்தான். ரயில் பாதைக்கு அருகில் ஒரு சின்னத் தெரு. அதில் ஒரு தையல் கடை. கடைக்கு வெளியே ஸ்டூலில் தையலம்மாள் உட்கார்ந்திருந்தாள். கையில் டீ. குடிக்கவில்லை. ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது.

தையல்காரம்மா அந்த ஊரிலேயே பிறந்த தமிழ்க்காரி. தெருவில் பெரிய தேடல் நடந்துகொண்டிருந்தது. ஒரு பையனைத் தேடினார்கள். நீலச் சட்டை. தனியா எங்கயும் வுட்டது இல்ல, பசி தாங்க மாட்டான் என்று தையலம்மாள் சொல்லியிருந்தாள். தையல்காரம்மா தன் பெண்கள் இரண்டு பேரையும் பள்ளிக்கூட மைதானம் வரைக்கும் அனுப்பியிருந்தாள்.

நீலச் சட்டையில் வேர்த்து விறுவிறுத்து வந்தவனை அவள் மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏம்மா, இதுவா உன் பையன்? இதுக்கா நாங்க ரெண்டு தெரு தேடினோம்?"

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். தையலம்மாள் சிரிக்கவில்லை. கண் சிவந்திருந்தது.

"எங்கடா போன?"

அவன் அருகில் போவதற்குள் அவளே தொடர்ந்தாள்.

"திரும்பிப் பாத்தா ஆள் இல்ல. நீ சொன்னாமாரியே நேரா கிழக்கதான் வந்தேன். லாட்ஜுங் காணோம், உன்னையுங் காணோம். இன்னா ஆச்சோ ஏதாச்சோன்னு இவங்கள தேட வுட்டேன்."

காற்றின் திசையைப் பற்றி அவனால் விளக்கியிருக்க முடியும். படகுக்காரர்களுக்குத் திசையைத்தான் தினமும் விளக்குகிறான். அவள் கையில் இருந்த டீ கிளாஸை வாங்கிக் கீழே வைத்தான்.

"வழி தெரியாம போயிட்டேம்மா" என்றான்.

"போன் வெச்சிக்கினு வழி தெரியலயா உனுக்கு?"

"தெரியல."

அவள் முந்தானையால் அவன் நெற்றி வியர்வையைத் துடைத்தாள். தையல்காரம்மாவிடம், சின்ன வயசுல இருந்தே இப்படித்தான் என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

அரண்மனைக்கு வந்து சேர்ந்தபோது இருட்டியிருந்தது. கூட்டத்துக்குள் நுழையும் முன் அவள் அவன் சட்டையின் பின்பக்கத்தைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். விளக்குகள் ஒரே நொடியில் எரிந்தன. கூட்டம் ஆர்ப்பரித்தது. எல்லோரும் போனைத் தூக்கினார்கள். அவன் திரும்பி அவளைப் பார்த்தான். அவள் வாய் லேசாகத் திறந்திருந்தது.

"இத்தினி பல்புல ஒன்னு போனா எப்பிடிடா கண்டுபுடிப்பாங்க?" என்று கேட்டாள்.

அவன் சொன்னான். வரிசை வரிசையாகப் பிரித்து வயர் இழுத்திருப்பார்கள், ஒன்று போனாலும் மற்றவை அணையாமல் எரியும், இருட்டாக நிற்பதை ஆள் பார்த்துத்தான் மாற்ற வேண்டும்.

"அப்ப ஏணி போட்டுதான் ஏறணும்."

"ஆமாம்மா."

"பாவம்" என்றாள். பிறகு, ஃபியூஸ் எங்கே இருக்கும், மழை பெய்தால் என்ன செய்வார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். இருபது வருடமாக அவன் செய்யும் வேலையைப் பற்றி அவள் அவ்வளவு கேட்டதில்லை. விளக்கு அணைகிற வரை அவன் சொல்லிக்கொண்டிருந்தான். அவள் சட்டையை விடவில்லை.