வலி போகவில்லை என்று சொன்ன நாள்

1968 ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறந்து இரண்டாவது வாரம். வகுப்பில் பெயர் வாசித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று இடது கன்னத்தில் சுளீரென்று ஒரு வலி வெட்டி இழுத்தது. வாயைத் திறந்தபடியே நின்றுவிட்டேன். நான் ஏதோ வேடிக்கை காட்டுகிறேன் என்று பிள்ளைகள் சிரித்தார்கள். வகுப்பில் நான் வேடிக்கை காட்டியதே கிடையாது. சாந்தா டீச்சர் வருகிறார் என்றால் அடுத்த வகுப்பும் சேர்ந்து அடங்கும்.

அந்த வலிக்குப் பெயர் வைக்க யாராலும் முடியவில்லை. பல் டாக்டர் பல்தான் என்று சொல்லி, நல்ல பற்கள் மூன்றைப் பிடுங்கிப் போட்டார். கண் டாக்டர் கண்ணாடி கொடுத்தார். பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் ஒருவர், "இன்னும் கல்யாணம் ஆகலையா?" என்று கேட்டார். ஆகவில்லை என்றேன். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை அதோடு மூடிவைத்துவிட்டார். எனக்கு வந்த கோபத்தில் அன்று வலிகூடக் கொஞ்சம் பயந்து ஒதுங்கியிருக்கும்.

பேசினால் வலி. சோற்றை மென்றால் வலி. கன்னத்தில் காற்றுப் பட்டால் போதும். மின்சார ரயிலில் எல்லோரும் ஜன்னலோரத்துக்கு அடித்துக்கொள்வார்கள். நான் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு நடுவில் நிற்பேன். கிழக்குத் தாம்பரத்தில் ஒரு வீட்டின் பின்கட்டில் குடியிருந்தேன். வீட்டுக்காரம்மா பொன்னம்மா முடிச்சூர் பக்கத்து விவசாயக் குடும்பம். "இன்னா டீச்சரம்மா, இந்த வெயில்ல மூஞ்சிய மூடிகினு போற? குளிருதா?" என்பார். சிரித்துவிட்டுப் போய்விடுவேன். சிரித்தாலும் வலிக்கும்.

அப்பா அம்மா இல்லை. ஒரே அண்ணன் வடக்கே ரயில்வேயில் இருந்தார். சௌக்கியம் என்று அவருக்குக் கார்டு போட்டுவிடுவேன். எனக்கென்று இருந்தது சபை மட்டும்தான். ஞாயிறுதோறும் ஆராதனையில் நோயாளிகளின் பெயர்களை வாசித்து ஜெபிப்பார்கள். என் பெயரும் அதில் இருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் சபைப் பெண்கள் வீட்டுக்கே வந்து ஜெபிப்பார்கள். நல்லவர்கள். ஆனால் இரண்டு வருஷம் ஆகியும் வலி போகவில்லை என்றதும், "அறிக்கை செய்யாத பாவம் ஏதாவது இருக்கான்னு யோசிச்சுப் பாரும்மா" என்றார்கள். யோசித்தேன். ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் கேட்காமல் ஒரு சாக்குக்கட்டி எடுத்துவந்ததைக்கூட ஆண்டவரிடம் அறிக்கை செய்தேன். வலி போகவில்லை.

1970 மே மாதம் எனக்காக மூன்று நாள் உபவாச ஜெபம் வைத்தார்கள். கத்திரி வெயிலில் அந்தப் பெண்கள் வெறும் தண்ணீரைக் குடித்துக்கொண்டு முழங்காலில் நின்றார்கள். ஒருவர் மயங்கியே விழுந்தார். மூன்றாம் நாள் மத்தியானம், வெளியூரிலிருந்து வந்திருந்த ஊழியக்காரர் என் தலையில் கைவைத்து ஜெபித்துவிட்டு, "வலி போச்சா, சகோதரி?" என்று கேட்டார். அந்த நிமிஷம் வலி இல்லை. என் வலி அப்படித்தான், வரும், போகும். வாடிப்போன அந்த முகங்களையெல்லாம் பார்த்தேன். "போச்சு" என்றேன். எல்லோரும் அழுதார்கள். நானும் அழுதேன். எழுந்து நின்று சாட்சியும் சொன்னேன்.

நாலு மணி நேரம் கழித்து, குழாயடியில் முகம் கழுவும்போது திரும்ப வந்தது.

எனக்கு விசுவாசம் போதவில்லை, அதனால்தான் திரும்பிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். நாளைக்குப் போய்விடும், அதற்குள் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று இருந்தேன். நாளை என்பது பத்து மாதம் ஆயிற்று. நோயாளிகளின் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார்கள். குணமானவள் வீட்டுக்கு எதற்கு வரவேண்டும்? வெள்ளிக்கிழமை வருவதும் நின்றுபோயிற்று. ஆராதனையில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, பாடுவதுபோல உதட்டை மட்டும் அசைப்பேன். வலி வந்தால் கைக்குட்டையைக் கடித்துக்கொள்வேன். அவ்வளவு பேர் மத்தியில் அப்படி ஒரு தனிமையை நான் அனுபவித்ததே இல்லை. அதை எனக்கு நானே தேடிக்கொண்டேன் என்பதுதான் இன்னும் கஷ்டம்.

ஜெபிக்கவும் வாய் வரவில்லை. குணமாக்கும் என்று எப்படிக் கேட்பது? ஏற்கெனவே நன்றி சொல்லிவிட்டேனே! 1971 மார்ச்சில் ஒரு நாள் கஞ்சியைக்கூட விழுங்க முடியாமல் அழுதபோது, ஒன்றே ஒன்று கேட்டேன். "ஆண்டவரே, வலி இருந்தால் இருக்கட்டும். நான் மறைக்காமல் எதிரே உட்காரக்கூடிய ஒரு ஆளை அனுப்பும்."

அந்த வாரமே சனிக்கிழமை மத்தியானம் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. எங்கள் சபை ரோஸி அக்கா. கூடவே அவருடைய ஆறு வயது மகள் லில்லி. அந்தப் பிள்ளைக்குக் கைக்குழந்தையிலிருந்தே ஃபிட்ஸ் வரும். காரணம் யாருக்கும் தெரியாது. அக்கா உட்கார்ந்ததும் பையிலிருந்து ஒரு தாளையும் பென்சிலையும் எடுத்தார்.

"டீச்சர், அன்னைக்கு நீங்க என்ன சொல்லி ஜெபிச்சீங்க? ஒரு வார்த்தை விடாம சொல்லுங்க. நான் எழுதிக்கறேன்."

"எதுக்குக்கா?"

"உங்க ஜெபத்த ஆண்டவர் கேட்டாரே. என்னோடத மட்டும் ஏன் கேக்கலை? இவளுக்கு நிக்காததுக்கு என் பாவம்தான் காரணம்னு வீட்ல சொல்றாங்க. நான் நம்பல டீச்சர். உங்க சாட்சியக் கேட்டப்புறம்தான் அவங்க சொல்றது சரியா இருக்கும்னு தோணிச்சு."

 ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். சுளீரென்று வந்தது. அக்கா பார்த்துவிட்டார். பல்வலி என்று சொல்லியிருக்கலாம். சொல்லவும் வாயெடுத்தேன். ஆனால் அவர் பென்சிலைத் தாளில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"அக்கா, எனக்குக் குணமாகல. அன்னைக்கு நாலு மணி நேரம் வலி இல்ல. அவ்வளவுதான்."

அக்கா பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விட்டார். எல்லாம் முடிந்தது, இனி சபையில் தலைகாட்ட முடியாது என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார். கேட் வரைதான் போயிருக்கிறார்.

"அப்போ எம்மேல தப்பு இல்லையா?"

"உங்க மேல இருக்கான்னு எனக்குத் தெரியாதுக்கா. எம்மேல ஒரு பெரிய தப்பு இருக்கு."

அதன் பிறகு என்னைத் திட்டினார் பாருங்கள், அப்படி ஒரு திட்டு. "பத்து மாசமா என்னைக் கொன்னுட்டீங்களே! படிச்சவங்க செய்யற வேலையா இது?" நான் தலைகுனிந்து கேட்டுக்கொண்டேன். திட்டி ஓய்ந்த பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "எந்தப் பக்கம் வலிக்குது?" என்று கேட்டார். இடது பக்கம் என்றேன். வலது கன்னத்தில் கையை வைத்தார். ஒரு மனுஷக் கை என் முகத்தில் பட்டு எத்தனை நாளாயிற்று! விக்கி விக்கி அழுதேன். அழுதாலும் வலிக்கும். பரவாயில்லை என்று அழுதேன்.

நான் எதிர்பார்த்தது ஆறுதல் சொல்ல ஒரு ஆள். ஆண்டவர் அனுப்பியதோ, என் பொய்யால் அடிபட்ட ஆளை. எனக்கு எது தேவை என்று அவருக்குத் தெரியும்.

மறுநாள் போதகரிடம் சொன்னேன். "ஜனங்களோட விசுவாசம் தளர்ந்துபோகுமேம்மா" என்று தயங்கினார். ஆனாலும் தடுக்கவில்லை. சபை நடுவில் நின்று, என் சாட்சி உண்மையில்லை, எனக்கு இன்னும் வலி இருக்கிறது, எனக்காக ஜெபியுங்கள் என்றேன். உபவாசம் இருந்த பெண்களில் சிலர் வருஷக்கணக்கில் என்னோடு பேசவில்லை. அவர்கள் கோபம் நியாயம்தான். ஆனால் அன்று ஆராதனை முடிந்ததும், மூச்சிழுப்பு நோய் குணமாயிற்று என்று எப்போதோ சாட்சி சொன்ன ஒரு பெரியவர் மாமரத்தடியில் என்னை நிறுத்தினார். "எனக்கும் நிக்கலம்மா" என்றார். 

மூன்று வருஷம் கழித்து ஒரு டாக்டர் மாத்திரை கொடுத்தார். இப்போது பாதி குறைந்திருக்கிறது. ஏன் வந்தது என்று அவருக்கும் தெரியவில்லை. லில்லிக்கு இப்போது பதிமூன்று வயது. ஃபிட்ஸ் இன்னும் வருகிறது. ஏன் என்று ஆண்டவர் எங்களுக்குச் சொல்லவில்லை. நான் கேட்பதை நிறுத்தவும் இல்லை. சில நாள் சண்டைபோட்டே கேட்கிறேன். ஆனால் பொய்யாக நன்றி சொன்னபோது என்னைவிட்டு எவ்வளவோ தூரத்தில் இருந்தவர், வலிக்கிறது என்று உள்ளதைச் சொன்ன நாளிலிருந்து பக்கத்திலேயே இருக்கிறார். இதை மட்டும் என்னால் சத்தியமாகச் சொல்ல முடியும். அவருக்கு ஸ்தோத்திரம்.

வியாழக்கிழமை சாயங்காலம் என் பின்கட்டில் ரோஸி அக்காவும் நானும் இன்னும் நாலைந்து பேரும் கூடி ஜெபிக்கிறோம். இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது ஆறாத நோவு இருந்தால், அப்படியே எழுந்து வாருங்கள். குணமான பிறகு வரலாம் என்று காத்திருக்காதீர்கள். எங்களில் யாரும் அப்படி வந்தவர்கள் இல்லை.